மேல் பிளக் முதலில்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஓடுகிற ஏதாவது ஒரு சரக்கு வண்டியின் பின்அச்சைக் குனிந்து பாருங்கள். இரும்பின் நிறமே தெரியாது. நெல் மூட்டை ஏற்றக் களத்துமேட்டுக்குப் போனபோது அப்பிய சேறு, கோடையில் ஏரி வண்டல் அள்ளியபோது ஒட்டிய களி, கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வந்ததில் படிந்த கல்மாவு எல்லாம் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கும். அந்த அடுக்குக்குள் இரண்டு பிளக்குகள் ஒளிந்திருக்கின்றன. அச்சின் நடுவே உருண்டு நிற்கும் ஹவுசிங்கின் பக்கவாட்டில், பாதி உயரத்தில் ஒன்று. அடிவயிற்றில் இன்னொன்று. மேலே இருப்பது ஆயில் ஊற்ற, கீழே இருப்பது வடிக்க.

இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிற ஓட்டுநர்கூட இந்த இரண்டையும் வருடக்கணக்கில் தொடுவதில்லை. தொடாததால் இறுகிவிடுகின்றன. இறுகிவிட்டதால் அப்புறம் யாரும் தொடுவதில்லை. பட்டறையில் போய் "கிரவுன் ஆயில் மாத்தணும்" என்றால் மெக்கானிக்கின் முகம் கொஞ்சம் சுருங்குவது இதனால்தான். ஆயில் வடிய இருபது நிமிடம் போதும். பிளக் கழல அரைநாள் ஆகலாம். இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த அரைநாளைப் பற்றித்தான்.

அதற்கு முன், இவ்வளவு பாடுபட்டு மாற்ற அந்த ஆயிலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே இன்ஜினிலிருந்து விசையைக் கொடுத்துக்கொண்டே வேகத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரக் கூட்டம்தான் அந்த ஹவுசிங்குக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல். பிரான்ஸைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் 1820களின் கடைசியில் நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது 1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் கொண்டுவந்த ஹைபாய்ட் வகை. இதில் சின்னப் பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான கிரவுன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு தேய்த்து வழுக்கவும் செய்கின்றன. நிறைசுமையோடு மேடேறும்போது அந்த வழுக்கலில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகும். கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்த்த மருந்து கலப்பது இதற்காக. சூட்டிலும் அழுத்தத்திலும் அது பல்லின் மேற்பரப்போடு வினைபுரிந்து ஒரு காப்புப் பூச்சை உண்டாக்குகிறது. கிரவுன் ஆயில் கையில் பட்டால் மூன்று சோப்புப் போட்டாலும் போகாத நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையது.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சை நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அச்சின் மேல் உள்ள பிரீதர் என்ற சிறு மூச்சுக்குழாய் மண்ணில் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் செய்யாற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீருக்குள் ஓட்டிப் போன வண்டிக்கும், மடை உடைந்த வயலில் சிக்கிய வண்டிக்கும் நேர்வது இதுதான். அப்படி நீர் புகுந்த ஆயில் வெளியே வரும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். அதைக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றியாக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் விதி ஒன்றுதான். அதைப் பட்டறைக்கு வரும் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: ஊற்றும் பிளக் கழன்று கைக்கு வரும்வரை வடிக்கும் பிளக்கைத் தொடாதே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. மேல் பிளக் கழன்று, கீழ் பிளக் கழலாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. மேல் துளை வழியாக ஒரு குழாயை விட்டுக் கைப்பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். அடியில் கொஞ்சம் தங்கும், அவ்வளவுதான். வடிக்கும் பிளக்கே வைக்காமல் வருகிற அச்சுகளும் உண்டு, அவற்றில் பின்மூடியைக் கழற்றியோ உறிஞ்சியோதான் எடுக்கிறார்கள். ஆனால் கீழ் பிளக்கைக் கழற்றி ஆயிலெல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேல் பிளக் அசையவில்லை என்று தெரிந்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காலி ஹவுசிங்கோடு இரண்டு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. மறுநாள் காலையில் மூட்டை ஏற்ற வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால் அதுவும் போச்சு. பிரீதரைக் கழற்றி அந்தச் சின்னத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆயிலை இறக்குவதுதான் கடைசி வழி. அதிலும் எவ்வளவு போனது என்பதை ஊற்றிய அளவை வைத்துத்தான் சொல்ல முடியும், மட்டம் பார்க்க முடியாது.

ஆகவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பிட் இருக்கிற பட்டறை கிடைத்தால் நல்லது. பெரும்பாலான சரக்கு வண்டிகளின் அடியில் தூக்காமலே நுழையலாம். தூக்கியே ஆகவேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். மண்தரையில் ஜாக்கியும் ஸ்டாண்டும் புதையும் என்பதால் அடியில் தடித்த பலகை போட வேண்டும். சூளைகள் நிறைந்த ஊர் என்பதால் செங்கல் எங்கும் கிடைக்கும். முட்டுக் கொடுக்கச் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்குகிற வழக்கமும் எங்கும் இருக்கிறது. இரண்டும் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்குகிறவை. பின்அச்சைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் பயன்படாது, அது பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பிளக்கோடு மல்லுக்கட்டும்போது வண்டியை இழுத்துக் குலுக்கப் போகிறோம் என்பதை நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய ஏற்பாடு இது.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவது நல்லது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டி மாகறல்வரை போய்த் திரும்பினால் தாராளம். ஆயில் சூடாகி இளகும், அதோடு அடியில் உட்கார்ந்த அழுக்கும் கலங்கிச் சேர்ந்து வடியும். ஹவுசிங்கும் சற்றே விரியும். திரும்பியதும் உடனே கழற்றினால் கையில் கொதிக்கிற ஆயில் கொட்டும், கால்மணி நேரம் ஆறவிடுங்கள்.

அடுத்தது சுத்தம். பலரும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். பாதி பிளக்குகள் கெட்டுப்போவதும் இதனால்தான். கம்பி பிரஷ்ஷால் ஹவுசிங்கைச் சுற்றிலும் தேய்த்து மண்ணை உதிருங்கள். பிளக்குக்கும் ஹவுசிங்குக்கும் இடையே உள்ள வட்டக் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும். அந்தக் கோடு வழியாகத்தான் பின்னால் எண்ணெய் இறங்கப் போகிறது. பிளக்கின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆறு பக்கங்களையும் சுரண்டிவிடுங்கள். தலை உள்வாங்கிய வகையாக இருந்தால், அதாவது ஆலன் கீ போடும் அறுகோணக் குழியோ சதுரக் குழியோ இருந்தால், குழியின் அடிவரை கூரான ஆணியால் கிளறிக் களிமண்ணை எடுக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் ஆழக் குழியில் ஏழு மில்லிமீட்டருக்கு மண் இறுகியிருந்தால் கீ மூன்று மில்லிமீட்டர்தான் பிடிக்கும். அந்தப் பிடியோடு இழுத்தால் குழியின் மூலைகள் வழித்துக்கொண்டு போகும். பிளக் கழலாததைவிட மோசமான நிலை அது.

பிறகு கருவி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு போடுகிறது. ஒரே வண்டியில் மேல் பிளக் ஒரு அளவு, கீழ் பிளக் வேறு அளவு என்பதும் சகஜம். வெளித்தலைக்கு ஆறுமுனை பாக்ஸ் வேண்டும். பன்னிருமுனை பாக்ஸ் மூலைகளில் மட்டும் பிடிப்பதால் துருப்பிடித்து மெலிந்த தலையில் வழுக்கும். ஸ்க்ரூ ஸ்பேனர், பைப் ரிஞ்ச் இரண்டையும் இந்த இடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். பைப் ரிஞ்சுக்கு ஒரு வேளை வரும், அது தலை ஏற்கெனவே உருண்டுபோன பிறகு. சதுரக் குழிக்குப் பல நேரம் அரை அங்குல ராட்செட்டின் மூக்கே நேராகப் பொருந்தும். ஆனால் ராட்செட்டின் உள்பல் இந்த முரட்டு இழுப்புக்கு ஆனதல்ல, நீண்ட டாமி பார்தான் சரி. கருவியைப் போட்டபின் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் அளவு தப்பு. அடித்து ஏற்றி ஒட்டவைக்கலாம் என்பது வேறு அளவு கருவி இல்லாதவர்கள் சொல்லும் சமாதானம்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று அனுபவசாலிகூட மல்லாந்து படுத்திருக்கும்போது குழம்புவார். பிளக்கின் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்கிறதாக வைத்துக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தலைகீழாகப் பார்த்தாலும் இது மாறாது. மாறுவது நம் கை இழுக்கிற திசைதான். தவறான பக்கம் மூன்றடிக் குழாய் மாட்டி இழுத்து, இருக்கிற இறுக்கத்தை இரட்டிப்பாக்கிவிட்டு, "இது கழலவே கழலாது" என்று கைவிட்ட வண்டிகள் உண்டு.

இதற்கெல்லாம் பிறகு ஒரு நிதானமான இழுப்பு இழுத்துப் பாருங்கள். கழன்றால் நல்லது. கழலவில்லை என்றால் அதற்குமேல் இழுக்காமல் நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பொறுமைசாலிக்கும் அவசரக்காரருக்கும் வழி பிரிகிறது.

பிளக் ஏன் பிடித்துக்கொள்கிறது என்று யோசித்தால் மருந்து தெரியும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். மரைகளுக்கு இடையே இருந்த மெல்லிய இடைவெளியில் அது ஆப்பு இறக்கியதுபோல் நிறைந்துவிடும். சில பிளக்குகளின் மரை கூம்பு வடிவில் இருக்கும். இறுக்க இறுக்க அது தானே ஆப்பாகிவிடும். முன்பு கழற்றிய யாரோ ஒழுகாமல் இருக்கட்டும் என்று அனபாண்ட் பசையையோ ஷெல்லாக்கையோ தாராளமாகத் தடவியிருக்கலாம். ஹவுசிங் அலுமினியமாக இருந்து பிளக் எஃகாக இருந்தால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து வெள்ளைப் பொடி பூக்கும். எல்லாவற்றையும்விட அடிக்கடி காணும் காரணம், முந்தைய கை தேவையில்லாத பலத்தோடு முறுக்கியிருப்பது.

துருவுக்கு ஊடுருவும் எண்ணெய். கடையில் ஸ்ப்ரே கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது டபிள்யூ.டி. 40. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவான கலவை அது, நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் பெயரில் அந்த எண். துருவுக்குள் ஊடுருவுவது அதன் தலையாய வேலையல்ல. உதவும், ஆனால் அதற்கென்றே செய்த ஸ்ப்ரேக்கள் இன்னும் நன்றாக உதவும். இரண்டும் இல்லாத இடத்தில் டீசலும் மண்ணெண்ணெயும் கைகொடுக்கின்றன. எதைப் போட்டாலும் முக்கியம் நேரம். முதல் நாள் மாலையில் அடித்து, அரைமணி கழித்து இன்னொருமுறை அடித்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் மூன்றாம்முறை அடியுங்கள். பக்கவாட்டுப் பிளக்கில் எண்ணெய் வழிந்து ஓடிவிடும், எண்ணெயில் நனைத்த துணித்துண்டைக் கோட்டைச் சுற்றித் திணித்துவைத்தால் நிற்கும். கீழ் பிளக்கில் எண்ணெய் மேல்நோக்கி ஏற வேண்டும். அங்கே நுண்துளை ஈர்ப்பைத் தவிர வேறு துணை இல்லை, ஆகவே இன்னும் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

காலையில் சுத்தியை எடுங்கள். முறுக்குவதற்கு முன் அடிக்க வேண்டும். பிளக்கின் தலைமேல் ஒரு தடித்த பித்தளைத் துண்டையோ பழைய பாக்ஸையோ வைத்து, நேராக, உறுதியாக நாலைந்து அடி. அடியின் நோக்கம் மரைகளுக்குள் இறுகிய துருவை நொறுக்குவது, பிளக்கை உடைப்பதல்ல. இரும்பு ஹவுசிங் இதைத் தாங்கும். அலுமினிய ஹவுசிங்கானால் கை அடங்கட்டும், காது உடைந்தால் பிளக் விலைக்குப் பதில் ஹவுசிங் விலை ஆகும். அடித்தபின் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பப் பாருங்கள். அந்தப் பக்கம் அசைந்தாலும் அசைவு அசைவுதான், ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் கடினமானால் மீண்டும் எண்ணெய், மீண்டும் உள்ளே திருப்பு, மீண்டும் வெளியே. ஒரே இழுப்பில் கொண்டுவர நினைத்தால் துருப்பொடி மரைகளுக்கிடையே சிக்கி மரையையே வழித்தெடுக்கும்.

அப்போதும் அசையாவிட்டால் நெம்பு நீளம். 30 செ.மீ. கைப்பிடியில் ஒருவர் 40 கிலோ பலத்தோடு இழுத்தால் பிளக்கில் விழும் முறுக்கு சுமார் 118 நியூட்டன் மீட்டர். அதே ஆள் 90 செ.மீ. குழாயை மாட்டி இழுத்தால் சுமார் 353. சிறிய சரக்கு வண்டிகளின் பிளக்கை இறுக்கக் கையேடுகள் சொல்வது பெரும்பாலும் முதல் கணக்கில் பாதிக்கும் கீழே. இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம், குழாய் மாட்டியதும் நம் கைக்குத் தெரியாமலே எவ்வளவு பலம் போகிறது என்று காட்டத்தான். குழாய் போடுங்கள், ஆனால் எகிறாமல், கருவியின் தலையை ஒரு கையால் பிளக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்ல எடையைச் சாய்த்து இழுங்கள். 'டக்' என்ற ஓசை இரண்டு விதம்: ஒட்டு விட்டதும் வரும், கீ உடைந்ததும் வரும். முன்னதில் கைப்பிடி மேற்கொண்டு கனமாகவே நகரும், பின்னதில் திடீரென்று இலேசாகும், உங்கள் கைமுட்டி லீஃப் ஸ்பிரிங்கில் போய் மோதும்.

மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைகளில் சக்கர நட்டு கழற்றும் ஏர் கன் இருக்கிறது. இடைவிடாத சிறு அடிகளாக முறுக்குவதால், ஒரே மூச்சில் இழுக்கிற குழாயைவிட அது பிளக்குக்கு நல்லது செய்யும். வெளித்தலைப் பிளக்குக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆலன் குழியில் கன்னை வைக்கும்போது, அதற்கென்று உள்ள தடித்த பிட் இருந்தால் மட்டுமே.

அடுத்தது சூடு. சூடு என்றதும் பிளக்கின்மேல் தீயைக் காட்டுவார்கள், அது தலைகீழ். சூடாக வேண்டியது பிளக்கைச் சுற்றியுள்ள ஹவுசிங். துளை விரிய வேண்டும், பிளக் விரியக் கூடாது. 20 மி.மீ. துளையுள்ள வார்ப்பிரும்பை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை சுமார் 0.02 மி.மீ. விரியும், அலுமினியமானால் சுமார் 0.045 மி.மீ. கேட்க அற்பமாக இருக்கிறது, துருவின் பிடியை விடுவிக்க அது போதும். ஹீட் கன் இருந்தால் முதலில் அதுதான். கேஸ் விளக்கு என்றால் ஸ்ப்ரே அடித்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, பிரேக் குழாய், ஒயர், டீசல் டேங்க் எல்லாம் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். சி.என்.ஜி. வண்டியின் அடியில் தீயே கூடாது. பிரீதர் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே விரிகிற காற்றுக்கு வழி வேண்டும். மேல் பிளக் ஏற்கெனவே கழன்றிருந்தால் அதுவே பெரிய வழி. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து சுள்ளென்று பறக்கும் அளவுச் சூடு போதும், சிவக்கக் காய்ச்சினால் சீலும் ஆயிலும் கருகும். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியைக் கோட்டில் வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் நம்புகிற வைத்தியம் இது. நானும் நம்புகிறேன்.

தலை உருண்டுபோன பிளக்குக்கு இரண்டு வழி. வெளித்தலையானால் அதன் ஓரத்தில் உளியை வைத்து ஒரு பள்ளம் வெட்டி, பிறகு உளியை இடஞ்சுழிப் பக்கமாகச் சாய்த்து அடித்து நகர்த்தலாம். இங்கேதான் பைப் ரிஞ்சும் உதவும். குழித்தலையானால் வெல்டிங். பிளக்கின்மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்வழியாக ஒட்டவைத்து, நட்டில் பாக்ஸைப் போட்டுத் திருப்புவது. பற்றவைத்த சூடு துருவையும் உடைக்கும், ஆறும்போது பிளக் சுருங்கவும் செய்யும். அதனால் எதற்கும் அசையாதது இதற்கு அசைந்துவிடுகிறது. ஆனால் பற்றவைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பைச் சேசிஸில் மாட்டாமல் அச்சிலேயே, பிளக்குக்கு மிக அருகில் மாட்டச் சொல்லுங்கள். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளில் குழி பறிக்கும். ஆறு மாதம் கழித்துப் பேரிங் கத்தும்போது வெல்டிங் ஞாபகத்துக்கு வராது. துளையிட்டு எக்ஸ்டிராக்டர் போடுவதை நான் கடைசியில் வைக்கிறேன், இரும்புத் தூள் உள்ளே விழும் என்பதால். செய்தே ஆகவேண்டும் என்றால் துரப்பணத்தின் முனையில் கிரீஸ் தடவிக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி வடித்துக் கழுவிவிட வேண்டும்.

மேல் பிளக் கைக்கு வந்தபின் கீழ் பிளக்குக்கும் இதே வரிசைதான். அது கழலும்போது கடைசி இரண்டு சுற்றைக் கையால், உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பி, சட்டென்று விலக்குங்கள். அகலமான தட்டு வையுங்கள், பழைய ஆயில் நேராக விழாமல் வளைந்து பாயும். சிறிய சரக்கு வண்டிகளில் பொதுவாக 1 முதல் 3 லிட்டருக்குள் வரும். டிராக்டர் கதை வேறு: பல மாடல்களில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், அளவும் பல மடங்கு. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வடிகால் பிளக்குகள் இருக்கும், ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் கீழ் பிளக்கின் உள்முனையைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே காந்தம் உண்டு. சாம்பல் நிறச் சாந்து போல ஒட்டியிருந்தால் அது பற்கள் தேய்ந்த நுண்தூள், இயல்பானது. விரலில் உறுத்துகிற செதில், பல்முனைத் துண்டு இருந்தால் ஆயில் மாற்றுவதோடு விஷயம் முடியாது, ஹவுசிங்கைத் திறந்து பார்த்தாக வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி உள்ளே அலசுகிற வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. அச்சுக்குழாய்களின் இரு பக்கமும் தேங்கும் மண்ணெண்ணெய் முழுக்க வடியாது, புது ஆயிலைத் தண்ணீராக்கும்.

மரைகளைச் சுத்தம் செய்து, பிளக் மூலை மழுங்கியிருந்தால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். ஊரில் கிடைக்காத அளவானால் காஞ்சிபுரத்திலோ சென்னை ஜி.பி. ரோட்டிலோ கிடைக்கும். ஹவுசிங்கின் மரை போயிருந்தால் லேத் பட்டறையில் டேப் போட்டு ஒரு அளவு பெரிய பிளக் இறக்கலாம். வாஷர் செம்பாக இருந்து புதிது கையில் இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது: ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகிவிடும். அலுமினிய வாஷருக்கு இது ஆகாது, உருகிவிடும். கூம்பு மரைப் பிளக்குக்கு வாஷரே கிடையாது, டெஃப்லான் டேப் இரண்டு சுற்று போதும். கீழ் பிளக்கை முதலில் கையால் முழுக்க ஏற்றி, பிறகு கருவியால் இறுக்குங்கள். குழாய் வேண்டாம். டார்க் ரிஞ்ச் இருந்தால் கையேட்டு அளவுக்கு. இல்லாவிட்டால் சாதாரணக் கைப்பிடியில் வாஷர் நசுங்கும்வரை.

ஆயிலைக் கடையில் 90 நம்பர், 140 நம்பர் என்று கேட்பார்கள். அந்த எண் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. டப்பாவில் பார்க்க வேண்டியது ஜி.எல். 5 என்ற குறியையும்தான், ஹைபாய்ட் பற்களுக்கு அது தேவை. மீந்ததைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜி.எல். 4 கேட்கிற கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை ஜி.எல். 5இன் கந்தகம் அரிக்கக்கூடும். கெட்டியான ஆயில் குழாயில் இறங்க மறுக்கும். டப்பாவை அரைமணி வெயிலில் வைத்தால் கத்திரி வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேல் துளையின் கீழ்விளிம்பில் வழியத் தொடங்கும்வரை ஊற்றி, வழிவது சொட்டாகும்வரை காத்திருந்து மூடுவது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். வண்டி சாய்ந்து நின்றால் இந்த மட்டம் பொய் சொல்லும். மேல் பிளக்கின் மரையில் கொஞ்சம் செப்பு கிரீஸ் தடவிவிடுங்கள், பிரீதரையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய ஆயிலை எங்கே கொட்டுவது என்பதற்கு வாய்க்கால் பதிலாகிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்கீழ் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. கேனில் மூடிவைத்து, பழைய ஆயில் எடுக்கிற பெரிய பட்டறையிலோ பதிவுபெற்ற சேகரிப்பாளரிடமோ கொடுப்பதுதான் முறை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் குடவோலைக்காகப் பேர்பெற்ற முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஐச் சேர்ந்தவை, ஏரியைப் பராமரிக்கவென்றே ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குறிக்கின்றன. வைரமேக தடாகம் என்ற அந்த ஏரிக்குப் போகிற ஓடைகளின் ஓரத்தில்தான் இன்று நம் பட்டறைகள் சிலவும் இருக்கின்றன.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் குனிந்து இரண்டு பிளக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமிருந்தால் ஒரு சிறு திருப்பு இறுக்கலாம், அதற்கும் நிற்காவிட்டால் வாஷரை மாற்றுங்கள். பிறகு ஹவுசிங்கின் மண் போன இடத்தில் வெள்ளை பெயிண்டால் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை, மேல் பிளக், கீழ் பிளக் இரண்டுக்கும் எந்த அளவு கருவி என்பதை எழுதிவிடுங்கள். அடுத்தமுறை யார் படுத்தாலும் பாக்ஸ் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.